பெர்டா சாப்பிடாத பதினோரு வாரம்

ஓட்மார் ஹேஃபெலேவுக்கு அறுபத்தாறு வயது. அதில் முப்பத்தெட்டு வருடம் ஜெர்மனியில் எஸ்லிங்கனுக்குப் பக்கத்தில் ஒரு பற்சக்கரத் தொழிற்சாலையில், கடைசிப் பரிசோதனை மேசையில் உட்கார்ந்திருந்தார். சக்கரம் கைக்கு வரும், அளப்பார், சரியென்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. நடுவில் வேறு முத்திரை கிடையாது. இப்படி வாழ்ந்து பழகிய மனிதரிடம் போய், ஒரு பாம்புக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் என்ன ஆவார்? குழம்பித்தான் போவார். போனார்.

பாம்பு வளர்க்கிறவர் என்றதும் தோள் முழுக்கப் பச்சை குத்திய ஆளை நினைத்துவிட வேண்டாம். ஓட்மார் வீட்டுக்குள் போடுகிற சட்டைக்கும் இஸ்திரி உண்டு. கூட வேலை பார்த்த ஒருவன், "ரெண்டே வாரம் பார்த்துக்கோ, லீவுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று ஒரு ராஜ மலைப்பாம்பை, பெயர்தான் ராஜா, நீளம் ஒரு மீட்டர் சொச்சம், டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். வந்த பிராணியை ஓட்மார் பரிசோதனைக் கண்ணோடு பார்த்தார். முடி உதிர்க்கவில்லை. குரைக்கவில்லை. நாற்றமில்லை. வாரத்துக்கு ஓர் எலி, அதோடு சரி. இந்த வாரம் மாடிப்படி கூட்டுவது யார் முறை என்று கதவில் பலகை தொங்கவிட்டு வாழ்கிற குடியிருப்பு அது. அங்கே இதைவிட ஒழுங்கான ஆசாமி யார் கிடைப்பார்? மனைவி ட்ராவ்டேயே சொல்லிவிட்டாள்: "உன்னைவிட இது சத்தம் கம்மி, ஓட்மார். இருந்துட்டுப் போகட்டும்."

அதற்கப்புறம் இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. நிலவறையில் ஓட்மார் தன் கையாலேயே ஓர் அலமாரி செய்தார். அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் இழுப்பறைகள், குட்டிகளுக்கானவை ஒவ்வொன்றும் செருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அடியில் செய்தித்தாள், மூலையில் தண்ணீர்க் கிண்ணம், பின்பக்கம் சூடேற்றும் பட்டை. அதில் நாற்பத்தொரு குட்டிகளை வளர்த்துக் கொடுத்திருக்கிறார். நாற்பத்தொன்றும் ஒரு வாரம்கூடத் தட்டாமல் சாப்பிட்டன. வட்டாரத்து ஊர்வன நண்பர்கள் சங்கத்தில் 'ஹேஃபெலே குட்டி' என்றால் கேள்வி கேட்காமல் வாங்குவார்கள். அந்தப் பெயரில் அவருக்குப் பெருமை இருந்தது. இருக்கக் கூடாதா என்ன?

அந்தப் பெருமைக்கு மார்ச் மாதக் கூட்டத்தில் ஆப்பு வந்தது. சங்கம் மாதாமாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை ஒரு விடுதியின் பின்னறையில் கூடும். ஸ்வென்யா என்ற பெண், முப்பத்தொரு வயது, கால்நடை மருத்துவர் ஒருவரிடம் உதவியாளர், கை நிறையக் காகிதங்களோடு எழுந்து ஒரு தீர்மானம் கொண்டுவந்தாள். இனிமேல் சங்கத்தார் யாரும் மலைப்பாம்புக் குட்டிகளை இழுப்பறையில் வளர்க்கக் கூடாது. மண், கிளை, செடி, ஒளிந்துகொள்ள இடம் எல்லாம் உள்ள விசாலமான கூண்டில், காட்டில் இருப்பது போலத்தான் வைக்க வேண்டும்.

"குட்டிக்குப் பெரிய இடம்னா பயம்" என்றார் ஓட்மார். "கைக்குழந்தையக் கொண்டுபோய் ரயில் நிலையத்து நடுவுல படுக்கப் போடுவியா?"

"இழுப்பறையில சாக்ஸ் வைக்கலாம் ஓட்மார், உயிர வைக்கலாமா?" என்றாள் ஸ்வென்யா. சங்கத்துக்குள் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான், வயது வித்தியாசம் கிடையாது.

பாம்புக்கு எது பிடிக்கும் என்பதைக் கை தூக்கி ஓட்டெடுத்து முடிவு செய்வதில் அங்கே ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த ஊரில் மூன்று பேர் சேர்ந்தால் சங்கம், சங்கம் என்றால் தலைவர், செயலாளர், குறிப்பேடு, ஓட்டு. பதினொன்றுக்குப் பத்து. ஸ்வென்யா ஜெயித்தாள். தீர்மானம் சரியாக வருகிறதா என்று அக்டோபரில் மறுபடி பார்ப்பது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

தலைவர் எக்கார்ட், ஓட்மாரின் நெடுநாள் நண்பர், அவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்தான். வெளியே வந்ததும் காதைக் கடித்தார்: "பேசாம விடுப்பா. உன் நிலவறைய யாரு எட்டிப் பார்க்கப் போறா?"

"தீர்மானம்னா தீர்மானம்தான்" என்றார் ஓட்மார்.

அவர் அப்படித்தான். ஆனால் இன்னொன்றும் உண்டு, அதை ஒளிப்பானேன். எல்லாவற்றையும் முறைப்படி, மற்ற எவனும் செய்யாத அளவுக்குச் செய்து, அது தோற்று, அக்டோபரில் எழுந்து நின்று "பார்த்தீங்களா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்கிற ஆசை அவருக்குள் இருந்தது.

அப்போது அவரிடம் இருந்தது ஒரே ஒரு குட்டி. பத்து மாதம், பெண். ஓட்மார் அதற்கு நாற்பத்திரண்டு என்று எண் போட்டிருந்தார். ட்ராவ்டே பெர்டா என்று கூப்பிட்டாள். பெர்டாவுக்காகக் கூடத்திலிருந்த பீங்கான் பாத்திர அலமாரி நடைக்கு வந்தது. அது இருந்த இடத்தில் ஒரு மீட்டர் எண்பது நீளத்தில் கண்ணாடிக் கூண்டு எழுந்தது. உள்ளே ஓக் மரக்கிளை, சல்லடையில் சலித்த மண், இரண்டு தொட்டிச் செடி, ஆற்றங்கரையிலிருந்து கொண்டுவந்து கழுவிய கற்கள். சருகுகளைப் பூச்சி இல்லாமலிருக்க அடுப்பில் சுட்டெடுத்தார்.

"இந்த வாரம் ஆப்பிள் கேக்ல காட்டு வாசனை வரும், யாரும் கேக்காதீங்க" என்று ட்ராவ்டே தங்கைக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

ஜூலை மூன்றாம் ஞாயிறு பெர்டாவை உள்ளே விட்டார். நானூற்றுப் பன்னிரண்டு கிராம். அந்த வாரம் எலியை நீட்டினார். பெர்டா தலையைத் திருப்பிக்கொண்டாள். அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாம் வாரம் எலியைக் கண்டு பயந்து கல்லுக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். ஒவ்வொரு ஞாயிறும் எடுத்து எடை போட்டார், நோட்டில் எழுதினார். நானூற்று ஒன்பது. நானூற்று ஐந்து. நானூறு.

முதல் சில வாரங்களில் ஓட்மாருக்கு மனசுக்குள் கொஞ்சம் குளிர்ச்சிதான். நான் சொல்லலையா? எக்கார்டும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கேட்டார்: "இன்னும் சாப்பிடலையே? பிரமாதம்! அப்படியே விடு, அக்டோபர்ல அந்தப் பொண்ணு மூஞ்சிய நான் பார்க்கணும்."

பிரமாதம் என்ற அந்த வார்த்தைதான் ஓட்மாருக்கு உறுத்தியது. ஒரு குட்டி பட்டினி கிடக்கிறது, அதில் என்ன பிரமாதம்?

நாலாவது வாரம் ஒரு நாள், சாயங்கால வெளிச்சம் போய்க்கொண்டிருந்த நேரம். ட்ராவ்டே பருப்புக் குழம்பும் முட்டை நூடுல்ஸும் எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். ஓட்மார் வரவில்லை. போய்ப் பார்த்தால் கூண்டுக்கு முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பெர்டா கிளை மேல் இருந்தாள். பாதி உடம்பு மரத்தில், பாதி உடம்பு வெறும் காற்றில், தலையை மெல்ல இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி எதையோ தேடினாள். இருபது நிமிஷம். சாப்பாடு ஆறிப்போனது.

"என்ன பண்றா?" என்று கேட்டாள் ட்ராவ்டே.

"தெரியல. பசியில அலையறாளா, இல்ல சும்மா ஊர் சுத்திப் பார்க்கறாளா, ஒண்ணும் புரியல."

"சந்தோஷமா இருக்கிற மாதிரிதான் தெரியுது."

"பயந்த பாம்பும் இப்படித்தான் அலையும்னு புத்தகத்துல எழுதியிருக்கான்."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறது?"

அதற்கு எந்தப் புத்தகத்திலும் அளவு கொடுத்திருக்கவில்லை. ஓட்மார் அதற்கப்புறம் தினமும் பார்த்தார். ஒரு நாள் சந்தோஷம் போலத் தெரிந்தது, மறுநாள் அதே அசைவு பரிதவிப்பு போலத் தெரிந்தது. விளக்கை மாற்றினார், பழையபடி வைத்தார். எலியை மாற்றினார். ஈரப்பதம் காட்டுகிற கருவி ஒன்று போதாதென்று மூன்று வைத்தார், மூன்றும் மூன்று கணக்குச் சொல்லின. சனிக்கிழமை மாடிப்படியைக் கூட்டி முடித்த கையோடு கூண்டையும் கூட்டினார். சிதறிய சருகை எடுத்தார், கண்ணாடியைத் துடைத்தார், மண்ணைச் சமன் செய்தார். தன்னால் ஆனதையெல்லாம் செய்கிறோம் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமில்லை. எட்டாவது ஞாயிறு முந்நூற்று எண்பத்தொன்று. முதுகெலும்புப் பக்கம் தோல் மடிப்பு விழ ஆரம்பித்திருந்தது.

"போதும்பா விளையாட்டு" என்றார் எக்கார்ட் தொலைபேசியில். "கொண்டுபோய் இழுப்பறையில போடு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சாப்பிடுவா. சாப்பிட்டான்னா கதை முடிஞ்சுது, நாம ஜெயிச்சோம்."

மறுநாள் காலை ஓட்மார் பெர்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். புதுச் செய்தித்தாள் விரித்தார், கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார், சூட்டைப் பார்த்தார். எல்லாம் தயார். பெர்டா அவருடைய மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தாள். முன்பு இருந்த கனம் இல்லை. ஓட்மார் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். இவளை இதில் போடுவது இவள் பிழைக்கவா, நான் ஜெயிக்கவா? சரி, போடாமல் மேலே கொண்டுபோனால்? நல்லவன் என்று என்னை நானே மெச்சிக்கொள்ள இவளைப் பட்டினி போடுகிறேனா? எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் மூஞ்சியே எதிரில் வந்து நின்றது. கால் மணி நேரம் கழித்துப் பெர்டாவோடு மேலே வந்தார்.

சமையலறையில் ட்ராவ்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவரையும் பார்த்தாள், கையிலிருந்ததையும் பார்த்தாள்.

"ஓட்மார், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே. அவ சாப்பிடணும்னு உனக்கு நிஜமாவே ஆசை இருக்கா?"

ஓட்மார் வாயைத் திறந்தார். ஆமாம் என்று வந்திருக்க வேண்டும், வரவில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு போய் ஸ்வென்யாவைக் கூப்பிட்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துகொள்ள இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். இங்கே பக்கத்து வீட்டில் ஏணி கேட்பதற்குப் பதில் ஏணியே செய்துகொள்வார்கள்.

ஸ்வென்யா சைக்கிளில் வந்தாள். கூண்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அஞ்சு நிமிஷம் மூலை மூலையாகப் பார்த்தாள். ஓட்மார் பரீட்சை எழுதிய பையன் போலப் பின்னால் நின்றார்.

"ஓட்மார், ஒண்ணு சொல்லவா?"

"அதுக்குத்தான கூப்பிட்டேன்."

"இது காடா, ஆபரேஷன் தியேட்டரா?"

ட்ராவ்டே சமையலறையிலிருந்து சிரித்த சத்தம் கேட்டது.

"இந்தச் சருக என்ன செஞ்ச?"

"சுட்டேன். அப்புறம் வாரா வாரம் அதிகமா சேர்றத எடுத்துடுவேன். செடியில தொங்கறத வெட்டிடுவேன். மண்ண..."

"மண்ண?"

"சீப்பு வச்சு ஒழுங்கு பண்ணுவேன்" என்றார் ஓட்மார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

ஸ்வென்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். "குட்டிக்குப் பெரிய இடம்னா பயம்னு மார்ச்ல நீதான சொன்ன? சரியாத்தான் சொன்ன. பெருசா, வெறுமையா, நாலு பக்கமும் கண்ணாடியா இருந்தா பயம்தான். இடம் பெருசா இருக்கணும், ஆனா அவ தலைய நீட்டற இடமெல்லாம் ஒளிய எதாவது இருக்கணும். நீ வாரா வாரம் அவ ஒளியற இடத்தயெல்லாம் கூட்டிக் குப்பையில கொட்டியிருக்க."

ஓட்மாருக்குக் காது சூடாகிவிட்டது. அப்படியென்றால் மார்ச்சில் நான் சொன்னது சரியா, தப்பா? இரண்டும் என்கிறாளே! இரண்டும் எப்படி இருக்க முடியும்?

அன்று சாயங்காலம் இருவரும் மலைச்சரிவுக் காட்டில் போய் மூன்று மூட்டை சருகு கொண்டுவந்தார்கள். ஸ்வென்யா அதைச் சுடவும் விடவில்லை, எண்ணவும் விடவில்லை. பாதி உயரத்துக்குக் கொட்டினாள். மரப்பட்டைக் குழாய்கள், வேர்க்கட்டை, கொடி, எல்லாவற்றையும் கண்டபடி திணித்தாள். மூன்று பக்கக் கண்ணாடியையும் வெளியிலிருந்து அட்டை வைத்து மூடினாள். பெர்டா ஒரே வழுக்கலில் சருகுக்குள் போனாள், காணோம்.

"இப்ப ரெண்டரை வாரம் ஒண்ணும் செய்யாத. எடை போடாத. தேடாத. முக்கியமா, கூட்டாத. தண்ணி மட்டும் மாத்து. அப்புறம் ஒரு எலி வச்சுப் பாரு."

"உயிரோட இருக்காளான்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

"ஸ்வென்யா!"

"தெரியாம இருந்து பழகு, ஓட்மார்."

அந்தப் பதினெட்டு நாளும் ஓட்மார் வீட்டில் இருந்த விதத்தை ட்ராவ்டே இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூண்டுப் பக்கம் போவார், நின்று முகர்ந்து பார்ப்பார், திரும்பி வருவார். கூண்டுக்குள் கூட்ட முடியாத ஆத்திரத்தில் மாடிப்படியைத் தன் முறை இல்லாத வாரமும் கூட்டினார். கீழ் வீட்டு க்னோட்லர் அம்மாள் கதவைத் திறந்து, "மிஸ்டர் ஹேஃபெலே, என் வாரத்த நான் ஒழுங்காப் பண்றதில்லன்னு குத்திக் காட்டறீங்களா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நோட்டு வெற்றாக இருந்தது.

அக்டோபரில், கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், புதன்கிழமை. ட்ராவ்டே தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். ஓட்மார் உறைபெட்டியில், இறைச்சி மடித்த மாவுப் பொட்டலங்களுக்குப் பக்கத்திலிருந்து எலியை எடுத்து, வெந்நீரில் இளக்கி, இடுக்கியில் பிடித்து, ஒரு மரப்பட்டைக் குழாயின் வாய்க்கு எதிரே நீட்டினார். ஒன்றும் இல்லை. பிறகு சருகு கொஞ்சம் அசைந்தது. அவர் எதிர்பார்த்த குழாயிலிருந்து அல்ல, வேருக்கு அடியிலிருந்து ஒரு சிறு தலை வந்தது, நின்றது, நாக்கை நீட்டியது. அப்புறம் நடந்தது கண்ணில் படவே இல்லை. இடுக்கி வெறுமையாக இருந்தது, சருகுக்குள் சுருள் ஒன்று இறுகிக்கொண்டிருந்தது.

"சாப்பிடு" என்றார் ஓட்மார் தரையில் உட்கார்ந்தபடி. "சாப்பிடு, பெர்டா." எண் சொல்லிக் கூப்பிடவில்லை. ட்ராவ்டே கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது. ஆமாம், ஆசை இருந்தது, உயிரே போகிற ஆசை. அவர் சந்தோஷத்தில் சிரித்தார். சிரித்த கையோடு இன்னொன்றும் புரிந்தது. இந்த ஓர் எலியோடு வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவருடைய கட்சி தோற்றுப்போகிறது. இது வேறு ஒருவருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னறை நிரம்பியிருந்தது. எக்கார்ட் மார்ச் தீர்மானத்தை ரத்து செய்யும் தீர்மானத்தைப் படித்தார். ஸ்வென்யா பக்கம் ஒருவர் காய்ச்சலில் வரவில்லை, ஆக பத்துக்குப் பத்து. ஆனால் ஓட்மார் எழுந்து பெர்டாவின் நோட்டைப் படித்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பேராவது இந்தப் பக்கம் சாய்வார்கள் என்று எக்கார்ட் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"ஓட்மார், எல்லாருக்கும் சொல்லு. கடைசி எடை?"

"முந்நூத்து எண்பத்தொண்ணு. அதுக்கப்புறம் போடல."

"எடை போடலையா? நீயா?" யாரோ சிரித்தார்கள்.

அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டாலே போதும். ஓட்மார் உட்காரவில்லை.

"முந்தாநாள் சாப்பிட்டா" என்றார். "கூண்டுலதான். பதினோரு வாரம் அவ சாப்பிடாததுக்குக் காரணம் கூண்டு இல்ல, நான். கூட்டிக்கிட்டே இருந்தேன். நான் மார்ச்ல போட்ட ஓட்ட மாத்திக்கறேன்."

பீர்க் குவளைகள் டக் டக்கென்று மேசையில் இறங்கின. பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். பதினொன்றுக்கு ஒன்பது. மார்ச் தீர்மானம் அப்படியே நிலைத்தது. ஸ்வென்யா மேசைக்கு அந்தப் பக்கமிருந்து அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஜெயித்த முகமாக இல்லை.

எக்கார்ட் குறிப்பேட்டை மூடிவிட்டு ஓட்மாரிடம் வந்தார். திட்டப் போகிறார் என்று ஓட்மார் தயாராக நின்றார். திட்டவில்லை. குரல் சின்னதாக இருந்தது.

"அப்ப என்கிட்ட இருக்கிறது? நீ குடுத்த குட்டி. பத்தொம்போது வருஷமா இழுப்பறையிலதான் இருக்கா. நல்லாத்தான் சாப்பிடறா, ஓட்மார். ஒரு வாரம் தவறினதில்ல. நான் அவளுக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?"

"தெரியல, எக்கார்ட்."

"நல்லா இருக்கிறதாலதான சாப்பிடறா? இல்ல... வேற ஒண்ணும் பண்ண வழியில்லாம சாப்பிடறாளா?"

அந்தக் கேள்வி புதன்கிழமையிலிருந்து, குட்டிக்கு ஒன்றாக, நாற்பத்தொரு முறை ஓட்மாருக்குள்ளேயே வந்து போயிருந்தது.

மறுநாள் காலை, மாடிப்படியை அப்படியே விட்டுவிட்டு, ரம்பத்தையும் அளவுப் பட்டையையும் எடுத்துக்கொண்டு எக்கார்ட் வீட்டுக்குப் போனார். இருவரும் நிலவறைக்கு இறங்கினார்கள். எக்கார்ட் கடைசி வரிசை இழுப்பறையை வெளியே இழுத்தார். அவள் அதில் விளிம்பு முதல் விளிம்பு வரை நிறைந்து கிடந்தாள். கொழுகொழுவென்று, பளபளவென்று, ஒரு குறையும் சொல்ல முடியாத பாம்பு. வெளிச்சம் பட்டதும் தலையைத் தூக்கினாள்.

"இவளுக்குக் கிளை ஏறத் தெரியுமா?" என்று கேட்டார் எக்கார்ட்.

"தெரியல. நான் குட்டியிலயே ஏத்திப் பார்த்ததில்ல."

"இந்த வயசுல மாத்தினா பயந்துடுவாளோ?"

"பயப்படலாம். சாப்பிடாமக்கூடப் போகலாம்."

"அப்ப இப்படியே விட்டுடலாமா?"

ஓட்மார் தலையை ஆட்டினார். ஆம் என்றா, இல்லை என்றா, அவருக்கே தெரியவில்லை. பாம்பு தலையை இழுப்பறையின் விளிம்புக்கு மேல் நீட்டி, நாக்கை வெளியே விட்டு, அங்கேயே காத்திருந்தது.

எக்கார்ட் வழக்கம்போல இழுப்பறையை உள்ளே தள்ளப் போனார். பாதியில் கை நின்றுவிட்டது.

"நீயே மூடு, ஓட்மார்" என்றார்.

ஓட்மாராலும் முடியவில்லை.